ஊர் கலங்கும்போது கடவுளின் வழிநடத்தலுக்குக் காத்திருப்பது: புதியவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பொருளாதார நெருக்கடியால் இலங்கை கொந்தளித்துக்கொண்டிருந்த 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. முந்தைய நாள் மாலை 6 மணிக்குத் தொடங்கிய ஊரடங்கு திங்கட்கிழமை காலை 6 மணி வரை நீடிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நானோ வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆராதனைக்குப் போகிறவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில், கொழும்பு வெள்ளவத்தையின் ஒழுங்கை ஒன்றிலிருந்து காலி வீதியை நோக்கி நடந்தேன். சந்தியில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் என்னைத் திட்டவில்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, ஆலயமே பூட்டியிருக்கும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி இணையவழி ஆராதனையைப் பார்க்கலாம் என்றால் பேஸ்புக்கும் யூடியூபும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்தன.

அந்த ஞாயிறு தொடங்கி ஜூலை இறுதி வரை நான் செய்த தவறுகள் பல. வழிநடத்தல் என்றால் என்ன என்று ஞாயிறு பாடசாலையில் படித்திருந்தேன். வீதியில் கண்ணீர்ப்புகை வீசப்படும் வாரத்தில், வீட்டில் காஸ் தீர்ந்திருக்கும்போது, அதை எப்படிக் கேட்பது, எதற்காகக் கேட்பது, கேட்டபின் எத்தனை நாள் பொறுப்பது என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்கள், வேலைக்காகக் கொழும்புக்கு வந்து தனியே தங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சார்ந்த புரட்டஸ்தாந்துச் சபையின் வழக்கப்படியே எழுதியிருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தேவையான பொருட்கள் மிகக் குறைவு. அச்சிட்ட வேதாகமம் ஒன்று, பாட்டுப் புத்தகம் ஒன்று, கோடு போட்ட கொப்பி ஒன்று, மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலி, மெழுகுதிரி, தீப்பெட்டி, டோர்ச். கைத்தொலைபேசியிலுள்ள வேதாகமச் செயலியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பன்னிரண்டு மணிநேர மின்வெட்டில் முதலில் உயிர் விடுவது கைத்தொலைபேசிதான்.

1. கேள்வியை எழுதி மூன்றாகப் பிரியுங்கள்

குழப்பமான காலத்தில் நாம் செய்யும் ஜெபம் பெரும்பாலும் ஒரே மூச்சில் வெளிவரும் புலம்பலாக இருக்கும். நாடு என்ன ஆகும், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், நாளைக்குப் பால்மா எங்கே வாங்குவது, கனடாவிலுள்ள அண்ணாவிடம் போய்விடலாமா என்பதெல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். புலம்புவதில் தவறில்லை, சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி புலம்பல்தான். ஆனால் வழிகாட்டச் சொல்லிக் கேட்கும்போது, எந்த வழியை என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவது நிரலில் இன்றைக்கே தீர்மானிக்க வேண்டியவை: எந்த வரிசையில் யார் நிற்பது, அம்மாவின் கிளினிக்குக்குப் போவதா விடுவதா. இரண்டாவதில் இந்த மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டியவை: வாடகை, பாடசாலைக் கட்டணம், வேலைக்குப் போய்வரும் வழி. மூன்றாவதில் வாழ்க்கையைத் திருப்பிவிடக்கூடியவை: நாட்டைவிட்டுப் போவது, காணியை விற்பது, வேலையை விடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி எழுதுங்கள்.

எண்ணாகமம் 9ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வழிகாட்டிய மேகம் அவர்களுடைய ஆராதனைக் கூடாரமான வாசஸ்தலத்தின்மேல் இரண்டு நாள் நின்றாலும், ஒரு மாதம் நின்றாலும், ஒரு வருடம் நின்றாலும் மக்கள் பாளயத்திலேயே இருந்தார்கள் என்று வாசிக்கிறோம். மேகம் எழும்புவதற்கு முன்னமே அடுத்த பாளயம் எங்கே என்று அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. என் கொப்பியில் முதல் நிரலிலிருந்த கேள்விகளுக்கெல்லாம் அன்றன்றே ஏதோ ஒரு வழி கிடைத்தது. மூன்றாவது நிரல் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. அது வெறுமையாகக் கிடந்ததையே கடவுள் கைவிட்டதற்கு அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன். என் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் பிறந்தது.

2. ஜெப நேரத்தை மின்வெட்டு அட்டவணையோடு பொருத்துங்கள்

2022 மார்ச் 30ஆம் திகதி பத்து மணிநேரமும், மறுநாள் பதின்மூன்று மணிநேரமும் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஏ, பி, சி என்று எழுத்துகளிட்ட வலயங்களாகப் பிரித்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். நாங்கள் மின்சாரம் இருக்கும் நேரத்தை ஜெபத்துக்கு ஒதுக்கிப் பார்த்தோம், ஒரு நாளும் நடக்கவில்லை. மின்சாரம் வந்தவுடன் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும், சோறு வடிக்க வேண்டும், சீருடையை அழுத்த வேண்டும், கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்ற வேண்டும். ஆகவே இருட்டு நேரத்தையே ஜெபத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை மாறினால் ஜெப நேரமும் மாறட்டும். மணி முக்கியமில்லை, ஒரு நாளும் விடாமல் நடப்பதே முக்கியம்.

இருபது நிமிடம் போதும். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, கொப்பியில் முதல் நிரலை உரத்து வாசிப்பது, ஐந்து நிமிட மௌனம், கர்த்தர் கற்பித்த ஜெபம் என்ற ஒழுங்கில் நாங்கள் நடத்தினோம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மௌனம் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. எங்கள் இளையவன் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிடுவான். புதியவர்கள் 25, 27, 37, 46, 121 ஆகிய ஐந்து சங்கீதங்களோடு தொடங்குங்கள். 37ஆம் சங்கீதம் தீயவர்கள் செழிப்பதைக் கண்டு எரிச்சலடைவதைப் பற்றியது. எரிபொருள் வரிசையில் மூன்றாவது இரவைக் கழித்தவருக்கு அது புரிவதுபோல வேறெவருக்கும் புரியாது.

3. இணையம் இல்லாத ஆராதனைக்கு ஆயத்தமாக இருங்கள்

அந்த ஏப்ரல் ஞாயிறன்று சமூக ஊடகத் தடை பிற்பகல் மூன்றரை மணி அளவில்தான் நீங்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரும் இதே அனுபவம் இருந்தது. அப்போது சமூக ஊடகங்கள் ஏப்ரல் 30 வரை முடங்கியிருந்தன, கத்தோலிக்க ஆலயங்களில் தொடர்ந்து இரண்டு ஞாயிறுகள் பொதுத் திருப்பலி நடைபெறவில்லை. ஆகவே எங்கள் சபையில் நேரலை இருக்கிறது என்று ஆறுதல் கொள்வது போதாது.

சபையில் பயன்படுத்தும் ஆராதனை முறைமையின் அச்சுப் பிரதி ஒன்றை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த நான்கு ஞாயிறுகளுக்குரிய வேதபாடங்களைக் கொப்பியில் எழுதுங்கள். போதகரின் வீட்டு நிலையான தொலைபேசி இலக்கத்தையும், நடந்து போகும் தூரத்திலுள்ள சபைக் குடும்பங்கள் இரண்டின் இலக்கங்களையும் கையால் எழுதி வையுங்கள். ஊரடங்கு இல்லாத நாட்களில் அந்தக் குடும்பங்களோடு வாரம் ஒருமுறை கூடுங்கள். ஒரே தொடர்மாடிக்குள் இருந்தால் மேலும் இலகு. இருவர் மூவர் கூடினாலே தாம் நடுவில் இருப்பதாக இயேசு வாக்களித்திருப்பதால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

4. ஆவணக் கோப்பை ஆயத்தப்படுத்துங்கள்

இது ஜெப வழிகாட்டியில் ஏன் வருகிறது என்று சிலர் கேட்பார்கள். நெகேமியா 4ஆம் அதிகாரத்தில் எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. இன்னொரு காரணம் என் மாமியார். 1983 ஜூலை இனக்கலவரத்தில் வீடு எரிந்தபோது உடுத்த சேலையோடு வெளியேறியவர் அவர். வீட்டை இழந்ததைவிடப் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்ததுதான் பின்னர் பல ஆண்டுகள் தன்னை அலைக்கழித்ததாகச் சொல்வார்.

நீர் புகாத ஒரு பையில் பின்வருவன இருக்க வேண்டும்: குடும்பத்தினர் அனைவரதும் தேசிய அடையாள அட்டைகளின் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், கடவுச்சீட்டுகள் இருந்தால் அவை, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், நோயாளர்களின் கிளினிக் கொப்பி, கடைசியாக எழுதப்பட்ட மருந்துத் துண்டு. அடையாள அட்டையின் மூலப்பிரதி எப்போதும் உங்கள் உடலோடு இருக்க வேண்டும். முகவரி மாறிய பின்னும் பழைய அட்டையை வைத்திருப்பவர்கள், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று ஒன்றைப் பெற்று வைத்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லும் சிரமம் குறையும். இந்த வேலைகளை அமைதியான வாரத்தில் செய்யுங்கள். கலவரம் தொடங்கிய பின்னர் பிரதேச செயலகம் திறந்திருக்கும் என்பதற்கும், திறந்திருந்தாலும் உத்தியோகத்தர் வந்து சேரப் பஸ் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஊரடங்கைப் பற்றி ஒரு சொல். 2022இல் வெளியான அறிவித்தல்களின்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது வீதி, ரயில் பாதை, பூங்கா, மைதானம், கடற்கரை ஆகிய எந்த இடத்திலும் நிற்கவே கூடாது. வீட்டு வாசலுக்கு முன்னாலுள்ள வீதியும் பொது வீதிதான். அத்தியாவசிய சேவையில் இருப்பவர்கள் நிறுவன அடையாள அட்டையோடு நிறுவனத் தலைவரின் கடிதத்தையும் வைத்திருங்கள். ஆராதனைக்குப் போவது அத்தியாவசிய சேவையாகக் கருதப்படுவதில்லை. என் ஏப்ரல் மாத நடையைப் பின்பற்றாதீர்கள். நோயாளி இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பொலிஸ் உதவிக்கு 119. இந்த இரண்டு இலக்கங்களையும் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.

5. வருகிற ஒவ்வொரு குரலையும் சோதியுங்கள்

கலவர காலத்தில் பொய்ச் செய்தி பரவுவது எல்லோருக்கும் தெரிந்ததே. நம் கூட்டத்துக்குள் அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். தீர்க்கதரிசனம் என்று சொல்லி வட்ஸ்அப் குரல்பதிவுகள் வரும். இன்ன திகதியில் இரத்தம் சிந்தப்படும், இன்ன மாதத்துக்குள் நீதிமான்கள் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்று அழுதுகொண்டே ஒருவர் பேசுவார். யார் பேசுகிறார், எந்த ஊரிலிருந்து பேசுகிறார், எப்போது பதிவு செய்யப்பட்டது என்ற விபரம் எதுவும் இராது. 2022 மே நடுப்பகுதியில் எனக்கு அப்படி ஒன்று வந்தது. மூன்றாவது நிரல் வெறுமையாகக் கிடந்தவனுக்கு அது வானத்திலிருந்து வந்த பதிலாகவே கேட்டது.

தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் அடுத்தடுத்த வசனங்களில் எழுதுகிறார். நாங்கள் இப்போது கைக்கொள்ளும் சோதனை எளியது. பேசியவரின் பெயரும் சபையும் தெரியாத பதிவை எவருக்கும் அனுப்புவதில்லை. பயத்தை மட்டும் எழுப்பி, உடனே பணம் செலவழிக்கச் சொல்லும் எந்தச் சொல்லையும் மூன்று நாளைக்குத் தொடுவதில்லை. ஓர் இனத்தையோ மதத்தையோ சுட்டி, அவர்களிடமிருந்து விலகியிருங்கள் என்று சொல்லும் பதிவை, அதில் எத்தனை வசனங்கள் இருந்தாலும், அழித்துவிடுகிறோம். 2019 தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் அயலவர்களைப் பற்றி எத்தனை பதிவுகள் வேத வசனங்களோடு சுற்றின என்பது நினைவிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செய்தியைப் பொறுத்தவரை ஒரு நாளில் இரண்டு முறை வானொலிச் செய்தி போதும். காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியை எடுப்பதற்கு முன் சங்கீதத்தை வாசியுங்கள் என்று எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர் சொன்னபோது அதை வழக்கமான அறிவுரை என்று ஒதுக்கினேன். ஒரு வாரம் செய்து பார்த்த பின்னர்தான், முந்தைய மாதம் முழுவதும் என் ஜெபங்களின் சொற்களே முகப்புத்தகத்திலிருந்து வந்தவை என்பது எனக்குத் தெரிந்தது.

6. பெரிய முடிவுக்குப் பத்து நாள் கொடுங்கள்

இந்தப் படியில் சற்று நீண்ட நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான்.

எரேமியா 41, 42, 43 ஆகிய அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த பின்னர், அவர்கள் நியமித்த ஆளுநன் கெதலியாவும் கொலை செய்யப்பட்ட குழப்பத்தில், யோகனானும் மற்றச் சேனைத் தலைவர்களும் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வந்து, நாங்கள் போக வேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். எரேமியா உடனே பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்தே வார்த்தை வந்தது. அந்த வார்த்தை இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள் என்றது. அவர்கள் எரேமியாவைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு எகிப்துக்குப் போனார்கள். கவனமாக வாசித்தால், கேட்க வருவதற்கு முன்னமே அவர்கள் எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு பெத்லெகேமுக்கு அருகே தங்கியிருந்தது 41ஆம் அதிகாரத்தின் முடிவில் தெரியும். மூட்டை கட்டி முடித்தபின் கேட்டார்கள்.

நானும் மூட்டை கட்டிய பின்னர்தான் கேட்டேன். குரல்பதிவு வந்த மறுநாளே மனைவியின் இரண்டு காப்புகளை அடகு வைத்து, வெளிநாட்டு வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாயை முற்பணமாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டேன், நம்பிக்கையில்தானே எல்லாம் நடக்கிறது என்றார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில், இது உமது சித்தமானால் கதவைத் திறந்தருளும் என்று ஜெபித்தேன். என் மூத்த மகள், நீங்கள்தான் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்களே அப்பா என்றாள். அந்த மனிதரின் தொலைபேசி ஜூன் மாதத்தோடு ஓய்ந்துவிட்டது. காப்புகளை மீட்க வட்டியோடு பதினான்கு மாதம் சென்றது.

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் சபையிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நிதானமாக ஜெபித்து, ஆலோசித்து, முறையாகப் போனார்கள். கடவுள் இங்கே மட்டும்தான் இருக்கிறார் என்பதற்கு வேதத்தில் ஆதாரமில்லை. நான் சொல்வது ஒழுங்கைப் பற்றியது.

முதல் மூன்று நாட்களில் எவரிடமும் பணம் கொடுக்காமல், கையொப்பமிடாமல், கேள்வியை மட்டும் கொப்பியில் எழுதி ஜெபியுங்கள். நீங்கள் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை இருவரிடம் ஆலோசனை கேளுங்கள்: ஒருவர் உங்களைவிட மூத்தவராக, இதற்கு முந்தைய கலவரங்களை இங்கேயே கடந்தவராக இருக்கட்டும், மற்றவர் கடதாசி வேலை தெரிந்தவராக இருக்கட்டும். உங்களோடு எப்போதும் உடன்படும் நண்பரைத் தெரிவு செய்ய வேண்டாம். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் செலவைக் கணக்கிடுங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் இயேசு சொல்கிறார். பத்தாம் நாள் கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தங்கள் முடிவை எழுதி, பின்னர் மாற்றி வாசியுங்கள். இருவரின் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு பத்து நாள்.

கணக்குப் பார்ப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022இன் பெரும்பகுதியில் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் ஒருநாள் சேவையில் கடவுச்சீட்டு எடுக்க 15,000 ரூபாய், சாதாரண சேவையில் 3,500 ரூபாய். அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதியில் அவை முறையே 20,000 ஆகவும் 5,000 ஆகவும் உயர்ந்தன. அவ்வாண்டில் நால்வர் கொண்ட குடும்பம் அவசரப்பட்டு ஒருநாள் சேவைக்குப் போயிருந்தால், முன்னதாகவே சாதாரண சேவையில் எடுத்திருக்கக்கூடியதைவிட நான்கு மடங்கோ அதற்கு மேலோ செலவாகியிருக்கும். இரவிரவாக வரிசையில் நிற்கும் சிரமம் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு இருந்தால் அது, அனுமதி பெற்ற படப்பிடிப்பு நிலையத்தில் படம் எடுத்ததற்கான பற்றுச்சீட்டு ஆகியவை வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் இருவரதும் சம்மதம் வேண்டும். கடவுச்சீட்டு எடுத்து வைப்பது போகத் தீர்மானித்ததாக ஆகாது என்பதால், அதை அமைதியான காலத்தில் இரண்டாம் நிரல் வேலையாகச் செய்துவிடலாம்.

வேலைவாய்ப்பு முகவரென்று சொல்பவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு அறியலாம். இரண்டு நிமிட அழைப்பு. நான் அதைச் செய்யவில்லை, அன்று ஜெபத்தை அழைப்புக்குப் பதிலாக வைத்துக்கொண்டேன்.

7. பணமும் சமையலும்

யாத்திராகமம் 16இல் கடவுள், தாம் வனாந்தரத்தில் கொடுத்த உணவான மன்னாவை அன்றன்றைக்கு மட்டும் சேர்க்கச் சொல்கிறார். மிச்சம் வைத்தவர்களுடையது புழுத்தது. இந்த அதிகாரத்தைக் காட்டி, ஒரு கிலோ அரிசிகூட மேலதிகமாக வாங்கக் கூடாது என்று வாதிட்ட ஒருவரும், மூன்று காஸ் சிலிண்டர்களைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஒருவரும் ஒரே ஜெபக்கூட்டத்தில் என் அருகில் இருந்தார்கள். இருவரையும் நான் பின்பற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, நெத்தலி, தேயிலை, சீனி, உப்பு. ஒரு மாதத்துக்கு மருந்து. ஒரு வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டுகளாகக் காசு. இது போதுமான ஆயத்தம் என்பது என் எண்ணம். மின்வெட்டில் பணம் எடுக்கும் இயந்திரமும் கடைகளின் அட்டை இயந்திரமும் வேலை செய்யாமல் போகலாம். இன்சுலின் பாவிப்போர் குளிர்சாதனப்பெட்டி நின்றால் என்ன செய்வது என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

விலை எப்படி ஏறியது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாய் ஆனது. ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் மார்ச் நடுப்பகுதியில் 254 ரூபாயாக இருந்து ஜூன் 26இல் 470 ரூபாயைத் தொட்டது. எவ்வளவு பேரம் பேசி ஜெபித்தாலும் சம்பளம் அந்த வேகத்தில் ஏறாது. நாங்கள் காணிக்கையைப் பாதியாகக் குறைத்தோம். குறைத்ததைப் போதகரிடம் வெட்கத்தோடு சொன்னபோது, அந்தப் பாதியைக் கீழ்மாடியிலுள்ள கைக்குழந்தை வீட்டுக்குப் பால்மாவாகக் கொடுக்கச் சொன்னார்.

சோர்வில் உபவாசம் எடுக்காதீர்கள் என்பதும் என் ஆலோசனை. அப்போஸ்தலர் 27இல் பதினான்கு நாள் புயலில் அலைந்த கப்பலில் பவுல் எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார். அதற்கு முன் மாலுமிகள் கப்பலின் பின்பகுதியிலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தார்கள். 276 பேரும் சாப்பிட்ட பின்னர்தான் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலகுவாக்கினார்கள். பசித்த வயிற்றோடு வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து எடுக்கும் எந்த முடிவையும் அன்றிரவு கொப்பியில் எழுத வேண்டாம்.

8. வீதிக்கு இறங்குவதா என்ற கேள்வி

2022 ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக் கூடாரங்கள் எழுந்தபோது எங்கள் சபையின் இளைஞர்கள் சிலர் அங்கே போனார்கள். போதகர்களும் குருமாரும் அருட்சகோதரிகளும் பிக்குகளும் அங்கே காணப்பட்டார்கள். போகாதவர்களும் இருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த சில குடும்பங்கள், போரில் காணாமல் போன எங்கள் பிள்ளைகளைத் தேடி நாங்கள் வீதியில் இருந்த ஆண்டுகளில் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவிசுவாசம் என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்களுக்காக இந்தக் கேள்வியை வேறொருவர் தீர்மானிக்க முடியாது. போவதென்றால் இருவராகப் போங்கள், அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கள். மே 9ஆம் திகதி பட்டப்பகலில், எவரும் எதிர்பாராத நேரத்தில், அங்கிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அன்று மாலைக்குள் நாடெங்கும் ஊரடங்கு வந்ததால், வெளியே போன பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவித்த வீடுகள் பல. போனவர் போகாதவரைக் கோழையென்றும் போகாதவர் போனவரைச் சுயநலமி என்றும் ஜெபக்கூட்டத்தில் பேசத் தொடங்கினால், அந்த வாரம் பேச்சை நிறுத்தி 46ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்து முடியுங்கள்.

9. ஊரடங்கு தளரும் மணிநேரங்கள்

மே 9இல் தொடங்கிய ஊரடங்கு மே 12 வியாழக்கிழமை காலை 7 மணிக்குத் தளர்த்தப்பட்டு, பிற்பகல் 2 மணிக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஏழு மணிநேரம். இத்தகைய இடைவெளி அடுத்த முறையும் வரும். அதற்கான திட்டத்தை முந்தைய இரவின் ஜெபத்திலேயே போட்டுவிடுங்கள். முதலாவது நிரலை எடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நியமியுங்கள். மருந்தகம் முதலில், ஏனென்றால் கூட்டம் கூடும் முன் மருந்து தீரும். அடுத்தது காசு. மூன்றாவதுதான் கடை. தனியே வாழும் முதியவர் ஒருவரின் கதவைத் தட்டாமல் எவரும் வெளியே இறங்க வேண்டாம். எரேமியா 29இல், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது; எங்கள் தொடர்மாடியில் அந்தப் பட்டணம் நான்கு மாடிகளும் பன்னிரண்டு கதவுகளும் கொண்டது.

அன்று என் மனைவி மருந்தகத்துக்குப் போனாள். நான் மேல்மாடியிலுள்ள சிங்கள ஆசிரியையின் மருந்துத் துண்டையும் சேர்த்து வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு வங்கிக்கு நடந்தேன். மகள் கீழ்மாடி முஸ்லிம் வீட்டுப் பெண்ணோடு பாண் வரிசையில் நின்றாள். ஒன்றே முக்காலுக்கு எல்லோரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். மருந்து கிடைத்தது, காசு கிடைத்தது, பாண் கிடைக்கவில்லை. மூன்றையும் கொப்பியில் எழுதி, மறுநாளுக்குரிய முதல் நிரலைக் கோடிட்டோம்.